எழுத்துக்கு மூன்று ஃபிராங்க்

தமிழில் எட்டே எழுத்து.
அவர்களுடைய எழுத்தில் பதினைந்து.
"எழுத்துக்கு மூன்று ஃபிராங்க்" என்றார்
பீல் நகரக் கழகத்தில் உடுப்புக்குப் பொறுப்பான பெயாட்,
கையில் சூடான இஸ்திரிப் பெட்டி.
எனக்குப் பதினேழு வயது.
வாங்கில் இருந்து எழும்பாத மாற்று ஆட்டக்காரிக்கு
நாற்பத்தைந்து ஃபிராங்க் யார் கொடுப்பார்?
முதல் பருவம் முழுக்க
முதுகில் வெறும் இருபத்திரண்டு.

சேர்ந்து ஆடியவர்களுக்கும் அது நீளம்.
வல்லி என்றார்கள்.
வல்லிபுரநாதனின் தலையை மட்டும் நறுக்கி
எனக்கொரு பெண்பெயர் செய்துவிட்டார்கள்,
தெரியாமலேயே.
"வல்லி, பின்னாலே ஆள்!"
"வல்லி, அடி, யோசிக்காதே!"
நிரோஜினி என்று ஒருத்தி
வைத்தியசாலைக் கோப்பில் மட்டும் இருந்தாள்.

அந்தக் கோப்பு தடிப்பானது.
ஆராவில் ஒரு நவம்பர், ஈரப்புல்,
யாரும் என்னைத் தொடவில்லை,
திரும்பினேன், அவ்வளவுதான்,
முழங்காலுக்குள்
பச்சை முருங்கைக்காயை முறித்த சத்தம்.
பின்தொடையிலிருந்து தசைநார் எடுத்து
முன்னாலே தைத்தார்கள்.
ஒன்பது மாதம்
காலையில் அஞ்சல் நிலையத்தில் இருந்தபடியே பொதி பிரித்தேன்,
பின்னேரம் ஒரு ரப்பர் பட்டியோடு மல்லுக்கட்டினேன்.
ஒப்பந்தத்தில் சம்பளம் என்ற சொல்லே இல்லை,
பயணப்படி என்று இருந்தது;
பயணம் போகாதவளுக்குப் படி ஏது?
என் இடத்தில் ஆடியவள் நன்றாக ஆடினாள்.
அதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்.

பிறகு எல்லை தாண்டி ஃப்ரைபுர்க்கில் இரண்டு பருவம்.
அங்கே பந்து மட்டுமே வேலை.
ஏழரைக்கு நித்திரை கலைந்து,
இன்றைக்கு ஒரு பொதியும் தூக்க வேண்டியதில்லை என்று
சும்மா கூரையைப் பார்த்துக் கிடந்த
ஒரு செவ்வாய்க்கிழமையைப்
பதக்கம் மாதிரி வைத்திருக்கிறேன்.
பதினைந்து எழுத்தும் கழகச் செலவு.
ஒரு அக்குளில் தொடங்கி
மறு அக்குளில் முடிந்தார் அப்பா.
தொலைக்காட்சி வர்ணனையாளர்
அந்த நீளத்தைக் கண்டதும்
"இடப்பக்க வீராங்கனை" என்று தப்பித்துக்கொள்வார்.

பதினான்கு ஆண்டு. மூன்று கோல்.
அதில் ஒன்று எங்கள் வலைக்குள்ளேயே.
சரி.
உள்ளே போகாத பந்துகளை
எந்தப் பட்டியலில் எழுதுவது?

அப்பாவை ஹோட்டல் சமையலறையில்
நாதன் என்கிறார்கள்.
தலை என்னிடம், வால் அவரிடம்;
நடுவிலே "புர" என்று இரண்டெழுத்து
இந்த நாட்டில் யாருக்கும் வேண்டாமல் கிடந்தது.
சனிக்கிழமைதான் எனக்கு ஆட்டம்.
சனிக்கிழமைதான் அங்கே கல்யாண விருந்து.
அவர் வந்ததேயில்லை.
குறையாகச் சொல்லவில்லை,
அடுப்பில் வைத்ததும் காத்திருக்காது.

தூன் நகரில் கடைசி ஆட்டம், மே மாதம்,
பின்னாலே மலையில் இன்னும் கொஞ்சம் பனி.
மைதானத்தில் ஒரு வழக்கம்:
ஒலிபெருக்கி முதற்பெயரைச் சொல்லும்,
மிச்சத்தைக் கூட்டம் கத்த வேண்டும்.
மற்றவர்களுக்கு "மையர்!" என்று ஒரே அடி.
என் முறை வந்தால்
பாதி வழியில் இருமல், சிரிப்பு,
கடைசியில் யாரோ தனியாக ஒரு "...தன்!"

எழுபத்தோராம் நிமிடம்
பலகையில் சிவப்பாக என் இலக்கம்.
"நிரோஜினி—"
அறுநூறு பேர் இருக்கலாம்.
எவளோ ஒருத்தி துண்டுக் கடதாசியில் எழுதி
வரிசை வரிசையாகக் கொடுத்திருக்கிறாள்.
வல்லி. புர. நாதன்.
முழுசாக, பலகையில் கால் தட்டி,
"புர"வில் கொஞ்சம் தடுக்கி.

கோட்டைக் கடக்கும்போது பார்த்தேன்.
மூன்றாம் வரிசையில்
விடுப்பெடுத்து வந்திருந்த ஒரு ஆள்
சட்டென்று எழும்பினார்,
வெளிநாட்டவர் அலுவலகத்தில்
கூப்பிட்ட மாதிரி,
தொப்பியைக் கழற்றிக்கொண்டு,
மற்றக் கையால் உள்பையில்
ஏதோ ஒரு பத்திரத்தைத் தேடியபடி.